கொன்ராட் ஃபாஸ்மர் சொல்லாத சொல்

என் அண்ணன் ஓலுஃப் ரிண்டால் பெர்கன் நகரத்து நாளிதழ் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் நாடக விமர்சனம் எழுதினான். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் நான் நாடக மன்றத்து மேடையின் விளிம்பில், தரைக்குள் பாதி புதைந்த பெட்டிக்குள் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ராத்திரி தங்கச்சி காப்பாத்துறவங்கள எல்லாம் விடிஞ்சதும் அண்ணன் கொன்னுடுவாரு" என்பாள் உடை அறை யோஹன்னா.

மீன் சந்தையில்கூட அவனுக்கு இதே கதைதான். கையில் ஹெர்ரிங் மீனோ காட் மீனோ பிடித்தபடி கிழவிகள் கத்துவார்கள்: "ரிண்டால் ஐயா, பாத்துட்டுப் பேசாமப் போயிடுங்க! என் மீனைப் பத்தி மட்டும் எழுதிடாதீங்க, அப்புறம் பூனை கூட வாங்காது!" ஓலுஃப் தொப்பியைத் தொட்டுக்கொண்டு போவான். உள்ளூர அவனுக்கு அது பிடிக்கும்.

கயிறு திரிக்கும் தொழிலாளியின் மகன். விமர்சகன் ஆக வேண்டும் என்று யார்தான் பிறக்கிறார்கள்? அவன் நாடகம் எழுதத்தான் பிறந்தான். முதல் நாடகம் மூன்று நாள் ஓடியது. இரண்டாவது, தலைநகர் கிறிஸ்தியானியாவிலிருந்து மேலட்டையில் யாரோ வைத்த காபிக் கோப்பையின் வட்டத்தோடு திரும்பி வந்தது. மூன்றாவதை அவனே அடுப்பில் போட்டான். போடுவதற்கு முன் உட்கார்ந்து அதற்கு ஒரு விமர்சனம் எழுதினான். அவன் எழுதியவற்றிலேயே ஈரமில்லாத விமர்சனம் அதுதான். அதையும் சேர்த்தே எரித்தான்.

அந்தக் காலத்தில் அவனுக்கு ஒரே ஒரு நண்பன். நடிகர் கொன்ராட் ஃபாஸ்மர். இருபது வயதில், துறைமுகத்துச் சாராயக் கடையில், இருவரும் 'நீ' குடித்தார்கள். எங்கள் பக்கம் 'நீ' என்பது ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குத் தானாக வரும். மற்றவர்கள் கொடுத்துத்தான் வாங்கவேண்டும். எதிரெதிரே நின்று, கோப்பை பிடித்த கைகளைப் பின்னிக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவரவர் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சாகும்வரை 'நீ'தான். நானும் அன்று கூட இருந்தேன். பதினான்கு வயது எனக்கு. அரைக் கோப்பை பழரசம் ஊற்றி எனக்கும் கை பின்னினார் கொன்ராட்.

கொடுத்த 'நீ'யைத் திருப்பி எடுத்துக்கொண்ட மனிதர் எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அது பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கொன்ராட் முதல்முறையாக ஓர் அரசர் வேடம் போட்டார். மறுநாள் ஓலுஃபின் விமர்சனம் இப்படித் தொடங்கியது: 'நேற்று மேடையில் திரு. ஃபாஸ்மரை மிக நன்றாகப் பார்க்க முடிந்தது. அரசரைத்தான் காணவில்லை.'

ஊரே சிரித்தது. கொன்ராட் தெருவில் போனால் சின்னப் பிள்ளைகள் தங்கள் தொப்பியைத் தூக்கிப் பார்த்து, "இங்கயும் அரசரைக் காணோம்!" என்றார்கள்.

ஆனால் கடைசி அங்கத்தில் அரசர் வந்திருந்தார். நான் பெட்டிக்குள்ளிருந்து பார்த்தேன். முதல் மூன்று அங்கங்கள் கட்டை போல நின்ற மனிதர், நான்காவதில் மகனின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் நின்றார். எனக்கு வசனப் புத்தகத்தில் இடம் தவறிப்போனது. ஓலுஃப் அப்போது அரங்கத்திலேயே இல்லை. அச்சுக்கு நேரமாகிவிட்டதென்று மூன்றாம் அங்கத்தோடு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலையில் அவனிடம் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது.

"அப்போ ஒரு திருத்தம் போடு" என்றேன்.

"விமர்சகன் திருத்தம் போட்டா அப்புறம் அவனை எவன் நம்புவான்?"

"கொன்ராட் நம்புவாரு."

திருத்தம் வரவில்லை. அந்த வாரம் காபிக் கடையில் கொன்ராட் எங்கள் மேசையைக் கடந்தபோது தொப்பியைக் கழற்றினார். "வணக்கம், ரிண்டால் ஐயா. நீங்க சௌக்கியமா இருக்கீங்களா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு இருமல் விட்டுச்சா, ராக்னா?" என்றார். என்னிடமிருந்து அவர் எதையும் திருப்பி எடுக்கவில்லை. ஓலுஃபுக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

அதற்குப் பிறகு கொன்ராடுக்குப் பெரிய வேடம் வரவில்லை. மருத்துவர், பாதிரியார், கடிதம் கொண்டுவருபவர். ஓலுஃப் மட்டும் விடாப்பிடியாக அவரை 'நீ' என்றே அழைத்தான். பத்தொன்பது ஆண்டுகள் ஒருவன் 'நீ' என்பான், மற்றவர் 'நீங்க' என்பார். கேட்பவர்களுக்கு அது எஜமானும் வேலைக்காரனும் பேசுவதுபோல இருக்கும்.

கண் மங்கியதால் நாளிதழ் ஓலுஃபை வீட்டுக்கு அனுப்பியது. அந்த இலையுதிர்காலம் முழுவதும் மலைச்சரிவிலுள்ள எங்கள் இரண்டு அறைகளில், விளக்குக்கு மூக்கு முட்ட உட்கார்ந்து, தன் நான்காவது நாடகத்தை எழுதினான். வடகடலில் ஒரு பாறைத் தீவு. கலங்கரை விளக்கைக் காக்கும் இரண்டு பேர். ஒரு சண்டைக்குப் பிறகு பத்து ஆண்டுகளாக 'நீங்கள்' போட்டே பேசுகிறார்கள். எண்ணெய் ஊற்றியாயிற்றா, ஊற்றியாயிற்று. அவ்வளவுதான் பேச்சு. கடைசியில் புயலில் போன இளையவர் உயிரோடு திரும்பி வந்து கதவில் நிற்கிறார். மூத்தவர் கதவைத் திறந்து ஒரே வரி சொல்கிறார்: "நீ வா. காபி ஆறிடும்." திரை விழுகிறது.

எனக்குப் படித்துக் காட்டி முடித்துவிட்டு ஓலுஃப் என்னைப் பார்த்தான்.

"மூத்தவர் கொன்ராட். வேற யாரும் போடக் கூடாது."

"ஏன்டா, மன்னிப்புக் கேக்க மூணு அங்கம் எதுக்கு? அவர் வீடு நாலு தெரு தள்ளி. படியேறிப் போய்க் கேளு."

"கேட்டேன்."

"எப்போ?"

"போன வருஷம் ரெண்டு தடவை. 'நீங்க எதைச் சொல்றீங்கன்னு புரியலையே, ரிண்டால் ஐயா'ன்னான். சொல்லிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவ்வளவு மரியாதையா போட்ட நாற்காலியில எவனாலயும் உக்கார முடியாது, ராக்னா."

"இதையும் சொல்ல மாட்டேன்னா?"

"இது வசனம். நடிகன் வசனத்தைச் சொல்லித்தான் ஆகணும்." மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். "ஒரு தடவை. என் காது கேக்க ஒரே ஒரு தடவை. மே மாசம் அவன் அமெரிக்காவுக்கு மக வீட்டுக்குப் போறான், தெரியுமா? திரும்பி வர மாட்டான்."

மன்றத்து இயக்குநர் தால் என்பவருக்கு நாடகம் பிடித்துவிட்டது. கொன்ராடும் மறுக்கவில்லை. ஒத்திகையின் முதல் நாள், தன் பிரதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓலுஃபின் எதிரே வந்து நின்றார்.

"நல்ல நாடகம், ரிண்டால் ஐயா. உங்களுக்கு என் நன்றி."

"கொன்ராட், நீ இதைப் படிச்சியா? முழுசாப் படிச்சியா?"

"நான் எப்பவும் கடைசி வரைக்கும் இருப்பேன், ஐயா" என்றார் கொன்ராட்.

உடை அறைக்குள் ஓடி யோஹன்னா வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் நாடகம் உருப்படாது. அந்த இடம் வந்ததும் நடிகர் நிறுத்திவிட்டுக் கையைத் தட்டுவார், திரை இறங்கும். ஐந்து வாரமும் கொன்ராட் கதவைத் திறந்தார், இளைய காவலராக நடித்த ஸ்வெர்ரேயின் முகத்தைப் பார்த்தார், கையைத் தட்டினார். ஐந்து வாரமும் ஓலுஃப் ஏழாவது வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான், பிறகு பின்னால் சாய்ந்தான். இளைத்துப்போனான். மீன் கூழ் வைத்தால் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்துவிடுவான்.

"சொல்லுவானா?" என்று காலையில் கேட்பான். "சொல்லுவான் இல்ல?" என்று சாயங்காலம் கேட்பான். ஐம்பத்தெட்டு வயது மனிதன்.

மார்ச் மாதம் முதல் காட்சி. மழை. குடைகளின் ஈர நாற்றத்தோடு அரங்கம் நிரம்பியிருந்தது. ஓலுஃபின் பேனாவால் அடிபட்டவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், அவன் விழுவதைப் பார்க்க. ஆனால் இரண்டாம் அங்கத்தில் கூட்டத்தின் இருமல் நின்றது. மூன்றாம் அங்கத்தில் யாரும் அசையவில்லை. கொன்ராட் கதவைத் திறந்தார். ஸ்வெர்ரே தண்ணீர் சொட்ட நின்றான்.

கொன்ராட் பேசவில்லை. மறந்துவிட்டாரோ என்று நான் மெல்ல எடுத்துக் கொடுத்தேன்: "நீ வா."

அவர் கண் ஒரு கணம் என் பெட்டியின் மேல் பட்டது. தெளிவான கண். மறந்தவரின் கண் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அப்படி இல்லை. நிமிர்ந்து, அரங்கத்துக்குள் ஏழாவது வரிசையைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்க வாங்க. காபி ஆறிடும்."

திரை விழுந்தது. கூரை இடிந்து விழுவதுபோல் கைதட்டினார்கள். பெண்கள் அழுதார்கள். பத்து ஆண்டுப் பகைக்குப் பிறகும், சாவிலிருந்து திரும்பி வந்தவனிடமும், கதவைத் திறந்துவிட்டு மனத்தைச் சாத்திக்கொள்ளும் ஒரு மனிதர்! இப்படியொரு முடிவை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று மறுநாள் மூன்று நாளிதழ்கள் எழுதின. 'ரிண்டால் ஒரே சொல்லில் ஒரு முழு வாழ்க்கையைக் கொன்றிருக்கிறார்' என்றது ஒன்று. ஓலுஃப் வாழ்நாளெல்லாம் ஏங்கிய வரிகள் அவை. ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகே நின்று அவற்றை எனக்குப் படித்துக் காட்டினான்.

"எழுதினது நான் இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்றான்.

"சொல்லிடு. திருத்தம் போடச் சொல்லு."

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவன் நாளிதழை மடித்து அடுப்புக்குள் வைத்தான்.

தாலிடம் போய் முறையிட்டான். தால் சிரித்தார். "பைத்தியமா உங்களுக்கு? ஊரே அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வருது. பெர்கன்காரன் மழையில வரிசையில நிக்கறான்யா! ஃபாஸ்மர் காலைத் தொட்டுக் கும்பிடுங்க."

பதின்மூன்று காட்சிகள் ஓடின. பதின்மூன்றிலும் ஏழாவது வரிசையில் அதே நாற்காலியில் ஓலுஃப் இருந்தான். பதின்மூன்றிலும் நான் பெட்டிக்குள்ளிருந்து "நீ வா" என்றேன். பதின்மூன்றிலும் கொன்ராட் அதைக் கேட்டார், காத்தார், "நீங்க வாங்க" என்றார். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, காட்சி முடிந்து படிக்கட்டில் அவரை மறித்தேன்.

"அவன் சாப்பிடறதில்ல, கொன்ராட். தூங்கறதில்ல. ஒரு தடவை சொன்னா உனக்கு என்ன குறைஞ்சுடும்?"

அவர் ஒட்டுமீசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். "நீ பெட்டியில இருந்தே, ராக்னா. அன்னைக்கு நாலாவது அங்கத்துல நான் நல்லா செஞ்சேனா?"

"செஞ்சே. எனக்குப் புத்தகத்துல இடமே தப்பிப்போச்சு."

"அது போதும்" என்றார். "உன் அண்ணனுக்கு நான் கெட்டது எதுவும் நினைக்கல. ஆனா தேடிப் பாத்தேன், அந்தச் சொல்லு என்கிட்ட இல்ல. இல்லாததை எங்கேருந்து எடுத்துக் குடுப்பேன்?"

நான் இதை ஓலுஃபிடம் சொல்லவில்லை.

பதினான்காவதும் கடைசியுமான காட்சி ஏப்ரல் கடைசி ஞாயிறு, மதியம். வியாழக்கிழமை கொன்ராடின் கப்பல். அந்த ஞாயிறு காலை ஓலுஃப் என்னோடு மன்றத்துக்கு வந்து, பெட்டியிலிருந்த என் புத்தகத்தை வாங்கினான். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மங்கிய கண்ணோடு தாளுக்கு அருகே குனிந்து, 'நீ வா' என்பதை அடித்தான். மேலே 'நீங்க வாங்க' என்று எழுதினான். கிறிஸ்தியானியாவிலும் நாடகத்தைப் போடப் போகிறார்கள், புத்தகமாகவும் வரப்போகிறது. அவர்கள் கேட்டதும் அந்தச் சொல்லைத்தான்.

"இனிமே அந்தப் பழைய சொல்லை நீ அவனுக்கு எடுத்துக் குடுக்காதே" என்றான். "நச்சரிச்சது போதும். புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான்."

மை காயட்டும் என்று ஊதினான்.

அந்த மதியம் கொன்ராட் முதல் அங்கத்திலேயே இரண்டு முறை தடுமாறினார். அவருக்கு இது கடைசி மேடை, மனம் எங்கோ இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் அங்கத்தில் ஸ்வெர்ரேயின் பெயரை மாற்றிக் கூப்பிட்டார். மூன்றாம் அங்கத்தின் முடிவில் கதவைத் திறந்தார். நின்றார்.

இந்த முறை அவர் கண் என் பெட்டிக்கு வந்தபோது அதில் எதுவும் இல்லை. எங்கே நிற்கிறோம், கதவில் நிற்பவன் யார், எதுவும். வெறும் பயம். உதடு திறந்தபடி இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் அப்படிப்பட்ட முகங்களை நூறு முறை பார்த்திருக்கிறேன். நான் என்ன கொடுத்தாலும் அதைச் சொல்லுவார்.

புத்தகம் என் மடியில் விரிந்திருந்தது. ஓலுஃபின் கையெழுத்து பளபளவென்று தெரிந்தது.

"நீ வா" என்றேன்.

"நீ வா" என்றார் கொன்ராட்.

"காபி ஆறிடும்."

"காபி ஆறிடும்."

திரை விழுந்தது. கைதட்டலில் ஒரு குழப்பம் இருந்தது. முன்பே பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பெட்டியிலிருந்து வெளியே வருவதற்குள் ஓலுஃப் மேடைக்குப் பின்னால் ஓடி வந்திருந்தான். தொப்பி இல்லை, குடை இல்லை. என் இரண்டு தோள்களையும் பிடித்தான்.

"நீ எடுத்துக் குடுத்தியா? உண்மையைச் சொல்லு. அவனாச் சொன்னானா, நீ குடுத்தியா?"

நான் என் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். துறைமுகத்துக் கடையில், கைகளைப் பின்னிக்கொண்டிருந்தபோது.

"நான் புத்தகத்துல இருந்ததைத்தான் சொன்னேன்" என்றேன். "நீ எழுதினதை. அவருதான் மாத்திச் சொன்னாரு."

அவன் என் நெற்றியில் முத்தமிட்டான். சிறு வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் செய்ததில்லை. பிறகு நடிகர்கள் அறைப் பக்கம் திரும்பி நடந்தான். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை, உண்மையைத் தவிர. அவன் பின்னாலேயே போனேன்.

கொன்ராட் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். யோஹன்னா அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். கொன்ராடின் கைகள் முழங்காலில் சும்மா கிடந்தன.

"கொன்ராட்" என்றான் ஓலுஃப். கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான். "நீ சொல்லிட்டே. இந்த நன்றியை நான் எப்படி... அந்த நாலாவது அங்கம், நான் பாக்கல. எழுந்து போயிட்டேன். பாக்காமலே எழுதினேன். இத்தனை வருஷமா அதைச் சொல்ல எனக்கு வாய் வரல, கொன்ராட்."

கொன்ராட் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. களைத்த, மரியாதையான முகம்.

"மன்னிக்கணும், ரிண்டால் ஐயா. நான் என்ன சொன்னேன்?"

"நீ வான்னு சொன்னே."

"அப்படியா?" கொஞ்சம் யோசித்தார். "ஆறேழு மாசமா எனக்கு அப்பப்போ இப்படித்தான். திடீர்னு எல்லாம் வெள்ளையாப் போயிடும். அதான் மக கிட்டப் போறேன். பெட்டியிலேருந்து ராக்னா என்ன குடுத்தாளோ அதைத்தான் சொன்னேன். தப்பாயிடுச்சுன்னா நீங்க பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்." பிறகு என்னைப் பார்த்து, பழைய அன்போடு சிரித்தார். "நல்லவேளை நீ இருந்தே, ராக்னா."

யோஹன்னா துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். ஓலுஃப் தலையசைத்தான். மூன்று முறை, நான்கு முறை, யாரோ எதையோ விளக்கிச் சொல்லி அவனுக்கு அது புரிந்துவிட்டதுபோல. அறையை விட்டு வெளியே வந்தான். பின்வாசலில் பகல் வெளிச்சத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அவனுடைய தொப்பியையும் குடையையும் எடுத்து வந்தேன்.

"ஓலுஃப், நான் உனக்காகத்தான்..."

அவன் தொப்பியை வாங்கிக்கொண்டான். தலையில் வைக்கவில்லை. வழிவிட்டு ஒதுங்கி, தெருவில் பார்க்கும் ஒரு பெண்ணுக்குச் செய்வதுபோல் அதைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

"நீங்க முன்னாடி போங்க" என்றான்.